பேச்சு வராத, நடை வராத பிள்ளைக்கு எங்கே போவது: ராம்நாடு ஜி.எச்.சா, மதுரையா, வீட்டிலேயா?

எங்கள் பக்கம், அதாவது உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும், ஒரு பிள்ளைக்கு ரெண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை என்றால் வீட்டில் முதலில் கிளம்புவது "எங்கே கூட்டிப்போவது" என்கிற சண்டைதான். அப்பா மதுரை என்பார். அப்பத்தா ஏர்வாடி தர்கா என்பார். அங்கன்வாடி டீச்சர் ராம்நாடு ஜி.எச்., அதாவது ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி, என்பார். வளைகுடாவில் இருக்கும் சித்தப்பா போனில் "சென்னைக்கே போயிருங்க, காசு நான் அனுப்புறேன்" என்பார். அம்மாவிடம் மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள், தினமும் பிள்ளையோடு இருக்கப்போவது அவள்தான் என்றாலும்.

என் அக்கா மகளுக்கு மூளை முடக்குவாதம், கூடவே பேச்சும் தாமதம். மச்சான் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், அதனால் தாய்மாமன் என்ற முறையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது பெரும்பாலும் நான்தான். இப்போது தெருவில் யார் வீட்டிலாவது இந்தப் பேச்சு வந்தால் "அவன்ட்ட கேளு" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த வழியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது மட்டும் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடம் பெரிய இடம் என்று பார்க்காதீர்கள். எந்த இடம் வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது, எந்த இடத்துக்கு வருஷக்கணக்கில் விடாமல் போக முடியும், இந்த ரெண்டையும் பாருங்கள். பிள்ளை வாரத்தில் ரெண்டு மணி நேரம் தெரபிஸ்டோடு இருந்தால் மிச்ச நேரம் பூராவும் நம்மோடுதான் இருக்கிறது.

"பொறுத்துப் பார்ப்போம்" என்பதும் ஒரு வழிதான், இந்தக் கரையில் அதிகம் பேர் எடுக்கிற வழியும் அதுதான் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "இவன் பெரியப்பாகூட அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்று ஒரு கதை எல்லா வீட்டிலும் இருக்கும். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது, மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிறுத்திவைப்பது, இதெல்லாம் அந்தக் காத்திருப்புக்குள் நடக்கிற வைத்தியங்கள். தாமதமாகப் பேசித் தானாகவே சரியாகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளை அந்தக் கணக்கில் வருமா என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. மூளை வேகமாக வளைந்துகொடுக்கிறது முதல் சில வருஷங்களில்தான். சீக்கிரம் போய் "ஒன்றும் இல்லை, தானாக வந்துவிடும்" என்று கேட்டுத் திரும்பினால் நஷ்டம் பஸ் காசு மட்டும்தான்.

அதனால் காத்திருக்கிறதுக்கு ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, பதினாறு மாதம் வரை ஒரு வார்த்தைகூட இல்லை, ரெண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால் அதற்கு மேல் பொறுக்க வேண்டாம். ஒரு வயது தாண்டியும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதும் இந்தப் பட்டியலில்தான் சேரும். தாய் சேய் நல அட்டையில் இந்தப் படங்கள் அச்சடித்தே இருக்கின்றன, தடுப்பூசித் தேதியைத் தவிர வேறு பக்கத்தை நாம் திருப்புவதில்லை, அவ்வளவுதான்.

ரெண்டு விஷயத்தில் காத்திருக்கிற பேச்சே கிடையாது. ஒன்று, சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையோ செய்துகொண்டிருந்த காரியமோ பிள்ளையிடம் காணாமல் போவது. இன்னொன்று, கைக்குழந்தை தூங்கி எழுந்த நேரத்தில் தலை கவிழ்ந்து, கை விரிந்து, அடுக்கடுக்காக வெட்டி வெட்டி இழுப்பது. பயந்து துள்ளுகிறது, தோஷம் என்று மந்திரிக்கப் போவார்கள். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் மூளைக்குச் சேதம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஜி.எச்., அங்கிருந்து அனுப்பினால் மதுரை பெரியாஸ்பத்திரி. தெரபியா வீடா என்கிற விவாதமெல்லாம் அப்புறம்.

ஏர்வாடி பற்றியும் ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த ஊர் அது. இன்றைக்கு அங்கே தர்காவில் தவா-துவா என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அது மனநோய்க்கானது, வளர்ச்சித் தாமதம் மனநோய் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் வீட்டில் பெரியவர்களிடம் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்: தர்காவுக்கும் போகலாம், உத்தரகோசமங்கைக்கும் போகலாம், ஓரியூருக்கும் போகலாம், டாக்டர் சொன்ன தேதி தவறாத வரைக்கும்.

இனி ராம்நாடு ஜி.எச். இப்போது அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கியது. ஆனாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஜி.எச்.தான். அதை ஒட்டி இருப்பதுதான், மாவட்டத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் வருகிற ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம், அதாவது குறையைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கிற இடம். எல்லோரும் டி.இ.ஐ.சி. என்று சொல்கிற இது, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் ஒரு பகுதி. பிறவிக் குறை, ஊட்டச்சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நாலு வகையையும் பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கிற திட்டம் அது. அங்கன்வாடிக்கு வருஷத்தில் ரெண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வேனில் வருகிற மருத்துவக் குழு இருக்கிறதே, அவர்கள் சீட்டு எழுதி அனுப்புவது இங்கேதான். சீட்டு இல்லாமல் நேராகவும் போகலாம்.

இதன் பெரிய பலம், எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும் என்பதே இதன் வடிவமைப்பு: குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, காது-பேச்சு, கண், உளவியல், சிறப்புக் கல்வியாளர். மதுரையில் தனியாரிடம் இதையே செய்தால் நாலு வாசல், நாலு பீஸ். இரண்டாவது பலம், கல்லூரி மருத்துவமனையே பக்கத்தில் இருப்பதால் வலிப்பு மாத்திரை, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கேயே முடியும், காசும் கிடையாது. மூன்றாவது, ஊனச் சான்று எப்படியும் அரசு மருத்துவர்களிடமிருந்துதான் வரவேண்டும்.

பலவீனம்? கூட்டம், தூரம், காலியிடம். காகிதத்தில் இருக்கிற பதவி எல்லாவற்றிலும் எல்லா மையத்திலும் ஆள் இருக்க மாட்டார்கள், தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இதே கதை. அதனால் முதல் தடவை போகும்போதே எந்தக் கிழமை எந்தத் தெரபிஸ்ட் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராம்நாடு 55 கிலோமீட்டர். ஸ்பீச்சுக்கு ஒரு நாள், பிசியோவுக்கு ஒரு நாள் என்று அலைந்தால் ரெண்டு மாதத்தில் சலிப்பு தட்டிவிடும். ரெண்டும் ஒரே நாளில் வருகிற கிழமையைக் கேட்டு வாங்குவது உங்கள் சாமர்த்தியம். அங்கிருக்கிற அம்மாக்களிடம் பேச்சுக் கொடுங்கள், வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த அளவு ரிசப்ஷனுக்குத் தெரியாது.

இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்வது: தெரபி ஆரம்பிக்கச் சான்று வேண்டியதில்லை. "கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து வயதுக்குள் அறிவு வளர்ச்சி தொடர்பான சான்று தற்காலிகமாகத்தான் தருவார்கள், பிறகு மறுபடி பார்ப்பார்கள், ஆகவே "சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துடும்" என்று பயப்படவும் வேண்டாம்.

அடுத்து தனியார். ராம்நாட்டிலேயே இப்போது சில இடங்கள் இருக்கின்றன, மதுரையில் நிறைய. மதுரை என்றால் ராம்நாட்டிலிருந்தே 110 கிலோமீட்டருக்கு மேல், தீவிலிருந்து கிளம்பினால் ஒரு நாள் பூராவும் போய்விடும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபிறகு ரெண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்காரர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே கிடந்தோம். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தபிறகுதான் மூச்சு வந்தது. கால் விறைப்பான பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதற்கும், ரயில் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

தனியாரில் நல்லது என்னவென்றால் குறித்த நேரம், ஒரே தெரபிஸ்ட், கருவிகள். ஓ.டி. என்று சொல்கிற ஆக்குபேஷனல் தெரபி, அதாவது சாப்பிடுவது, உடுத்துவது மாதிரி அன்றாடக் காரியங்களைப் பழக்குகிற பயிற்சி, மாவட்டத்தில் கிடைப்பது கஷ்டம், அதற்கு மதுரை போகத்தான் வேண்டியிருக்கும். கெட்டது காசு என்று எல்லோரும் சொல்வார்கள், நான் காசை ரெண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் பிரச்சினை அந்தக் கதவு. நாங்கள் சில மாதம் போய்க்கொண்டிருந்த ஒரு மையத்தில், பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். முக்கால் மணி நேரம் அக்கா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும், நிற்கும். முடிந்ததும் "குட் செஷன்மா" என்று பிள்ளையைக் கையில் கொடுத்து, நோட்டில் ஒரு வரி எழுதுவார்கள். என்ன செய்தீர்கள், வீட்டில் என்ன செய்யணும் என்று கேட்டால், "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம், நீங்க வாரத்துக்கு மூணு தடவை கொண்டுவாங்க". தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு வாரத்துக்கு மூணு தடவை! பஸ் காசு, பீஸ், சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையைப் பார்க்கிறவருக்கு நன்றிக்கடன், இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கடலில் பாடு சரியில்லாத மாதத்தில் முதலில் வெட்டப்படுவது தெரபிதான். பாதியில் நின்ற வீட்டுக்கு என்ன மிஞ்சும்? நோட்டில் இருக்கிற அந்த வரிகள். செய்முறை அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே தனியாரிடம் போகிறதானால் போன் பண்ணும்போதே ஒரே கேள்வி கேளுங்கள்: "அம்மா உள்ளே உட்காரலாமா?" முடியாது என்றால், அல்லது மழுப்பினால், அந்த இடம் எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் நம் மாதிரி தூரத்துக்காரர்களுக்கு ஆகாது. உட்காரலாம் என்று சொல்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் வாரம் மூன்று தடவைக்குப் பதிலாக மாதம் ஒரு தடவை வருகிறோம், நடுவில் நாங்கள் வீட்டில் செய்வதை வீடியோ எடுத்து அனுப்புகிறோம், பார்த்துத் திருத்துங்கள் என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். அது நல்ல பேரம்.

அப்புறம், "ஆறு மாதத்தில் குணம்" என்று சொல்கிற இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது, ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும் அது இன்னும் ஆய்வு நிலையில்தான், காசு வாங்கிச் செய்யக்கூடாது. படகை அடகுவைக்கும் முன்னால் இதை யோசியுங்கள்.

வீடு. "வீட்டில் பண்ணுகிறது" என்றால் அம்மாவை மட்டும் நம்பி விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை, அப்படிச் செய்கிறவர்களும் உண்டு, அது அநியாயம். இதற்கும் வெளியிலிருந்து வழிகாட்ட ஆள் வேண்டும். அதற்கான ஆள் ஒன்றியத்திலேயே இருக்கிறார்: பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இருக்கிற சிறப்புப் பயிற்றுநர், கூடவே பிசியோதெரபிஸ்ட். பள்ளிக்கூடத்து ஆள் என்பதால் ஆறு வயதுக்குக் கீழே பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் குறையுள்ள பிள்ளைகளுக்கான உள்ளடங்கிய கல்வித் திட்டம் பிறந்தது முதல் 18 வயது வரைக்கும்தான் கணக்கு, பேர் பதிந்துகொண்டால் வள மையத்திலேயே பயிற்சி கிடைக்கும், வெளியே கொண்டுவர முடியாத பிள்ளையென்றால் வீட்டுக்கும் வருவார்கள். ஒருவருக்கு ஏகப்பட்ட பிள்ளைகள் என்பதால் அடிக்கடி வர முடியாது. அடிக்கடி வரவும் வேண்டாம், வருகிற அன்றைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

வீட்டுப் பயிற்சி ஏதோ ஏழைகளுக்கான சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி என்கிற மருத்துவ இதழில் வந்தது. சிறப்பு மருத்துவர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், பெற்றோருக்கு எட்டு மாதத்தில் 12 அமர்வு. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் பிள்ளை கூப்பிட்டது, எந்த இடத்தில் நாம் கவனிக்கவில்லை என்று பேசுவார்கள். எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வந்துவிடவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஏற்றபடி பெற்றோர் பதில் கொடுப்பது கூடியது, பிள்ளை தானாக முன்வந்து பேச்சை, விளையாட்டை ஆரம்பிப்பதும் கூடியது. நம் பக்கத்திலேயே தென்காசி ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமத்துக்குக் கிராமம் ஆள் போய்ப் பெற்றோருக்குப் பழக்கிக்கொடுப்பதை வருஷக்கணக்கில் செய்துவருகிறது, செல்போன் செயலி வைத்துப் பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பதிந்துகொண்டே.

வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ரெண்டு உதாரணம். எங்கள் பிள்ளைக்கு உட்கார முதுகு நிற்காது. கடையில் விற்கிற மூலை நாற்காலி விலையைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, வந்த பிசியோதெரபிஸ்ட் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியைப் பார்த்துவிட்டு அதிலேயே வேலையைக் காட்டினார். ஒரு பக்கச் சுவரை வெட்டியெடுத்து, மூலையில் முதுகு படும்படி உட்காரவைத்து, ரெண்டு தொடைக்கும் நடுவில் துணியைச் சுருட்டி வைத்தார், கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளாமல் இருக்க. முன்னால் ஒரு பலகை. மீன் வாடை போக அக்கா அதைக் கழுவிக் கழுவி வெயிலில் காயவைத்தது தனிக்கதை. அதில் உட்கார்ந்துதான் அவள் முதன்முதலாகக் கை ரெண்டையும் முன்னால் கொண்டுவந்து இட்லியைப் பிய்த்தாள்.

பேச்சுக்கு: மிக்சரை மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடியில் போட்டுப் பிள்ளை கண்ணுக்குப் படும்படி வைப்பது. எடுக்கத் தெரியாது, நம்மைத்தான் பார்க்கும். அப்போது உடனே கொடுத்துவிடக் கூடாது, "என்ன வேணும், சொல்லு சொல்லு" என்று நச்சரிக்கவும் கூடாது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கையை நீட்டினாலும் சரி, "ஆ" என்றாலும் சரி, அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு "தா" என்று நாம் ஒரு தடவை சொல்லிவிட்டு ரெண்டு மிக்சர் மட்டும் கொடுப்பது. ரெண்டே ரெண்டு, அப்போதுதான் மறுபடி கேட்கும். இந்தப் பத்து எண்ணுகிறது இருக்கிறதே, அப்பத்தாக்களால் முடியவே முடியாது. பிள்ளை பார்த்தாலே கொடுத்துவிடுவார்கள். பாசத்தில்தான், என்ன செய்வது.

அப்பாக்களுக்கும் இதில் இடம் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு கிளம்புவது திங்கள், புதன், சனி. மற்ற நாளில் கரையில் வலையைப் பார்த்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருப்பவர்கள் அந்த உட்காரும் பயிற்சியையாவது எடுத்துக்கொள்ளலாம். மச்சான் செய்கிறார். அவர் செய்தால் பிள்ளை அழுவதில்லை, அக்காவுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

வீட்டுவழியின் ஆபத்தையும் சொல்லவேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள, நடக்காத பிள்ளைக்கு இடுப்பு மூட்டு மெதுவாக நழுவும், வெளியே தெரியாது, வலி வருகிறபோது காரியம் கைமீறியிருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வீட்டிலேயே எல்லாம் நடக்கிறது என்று ஜி.எச். பக்கமே போகாமல் இருந்தால் இது தப்பிப்போகும். எண்ணெய் போட்டு நீவுவது உடம்புக்கு இதம், தப்பில்லை, ஆனால் நீவி நடை வராது. பிள்ளை தானாக அசைந்து, எதையாவது எட்டிப் பிடிக்கிற முயற்சியில்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. மணல்குழியும் அப்படித்தான், முட்டி எந்த நிலையில் நிற்கிறது, எவ்வளவு நேரம் என்று பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் வேண்டாம்.

வேலூர், சென்னை பற்றிச் சுருக்கமாக. வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோர் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி எடுக்கலாம். சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான நிறுவனம் இருக்கிறது, அங்கே ஆரம்பநிலை இடையீட்டுக்குத் தனி மையமே உண்டு. ஒரு தடவை போய்த் தெளிவாக என்ன குறை என்று தெரிந்துகொண்டு, திட்டம் எழுதி வாங்கிக்கொண்டு, கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்புவதற்கு அருமையான இடங்கள். அதற்காகக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போய்ச் சென்னையில் வாடகைக்கு இருப்பது, பிள்ளைக்கு அப்பா, அப்பத்தா, தெரு, கடல் எல்லாம் இல்லாமல் ஆக்கி, அம்மாவைத் தனியாகத் திணறவைப்பது, எனக்கு உடன்பாடில்லை. விடுதியோடு சேர்ந்த இல்லத்தில் ரெண்டு மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது பற்றிக் கேட்கிறார்கள். வேண்டாம்.

சரி, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதிலா என்றால் இல்லை. குறையைப் பொறுத்துத் தராசு மாறும்.

காது கேட்காத பிள்ளைக்கு வீட்டுவழி மட்டும் உதவாது, அங்கே மருத்துவமனைதான் முதல். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோடு பயிற்சி, இதுதான் உலகம் பூராவும் சொல்கிற கணக்கு. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும், "கதவு தட்டினா திரும்புறானே" என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும், முதலில் பெரா என்கிற செவிப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்; பாதி கேட்கிற காதும் உண்டு. காதுக்குள் கருவி பொருத்துகிற காக்ளியர் அறுவைசிகிச்சை தேவைப்பட்டால் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்துகொள்ளலாம் என்றாலும், ஆறு வரைக்கும் இழுத்தால் கருவி இருக்கும், பேச்சு வருவது கஷ்டம். அறுவைக்குப் பிறகான பயிற்சிக்கு வாராவாரம் போகமுடியுமா என்று யோசித்துவிட்டே தேதி வாங்குங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் மதுரைப் பயணம் எவ்வளவு கஷ்டமானாலும் தகும்.

டவுன் சிண்ட்ரோம் என்றால் முதல் வேலை இதயத்துக்கு எக்கோ, தைராய்டு, காது, கண். அது ஜி.எச்.சில் முடிந்ததும் மிச்சமெல்லாம் வீடும் அங்கன்வாடியும்தான், பெரிய மையங்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. மூளை முடக்குவாதத்துக்கு வீடும் ஜி.எச்.சும் சரிபாதி, மேலே சொன்ன எக்ஸ்ரே கணக்கோடு. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்த பிள்ளையென்றால் அறிகுறி வரட்டும் என்று இருக்காமல் மூன்று நாலு மாதத்திலேயே டி.இ.ஐ.சி.யில் காட்டிவிடுங்கள். ஆட்டிசத்துக்கு என் ஓட்டு வீட்டுக்கு. அம்மா உள்ளே உட்காருகிற ஒரு தெரபிஸ்ட் மாதம் ஒரு முறை, மற்றபடி தினசரி வாழ்க்கையே பயிற்சி. கையில் இருக்கிற செல்போனை முதலில் பிடுங்குங்கள். செல்போனால் ஆட்டிசம் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளை நம் முகத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தையெல்லாம் அது சாப்பிட்டுவிடுகிறது.

காசு விஷயம். தனித்துவ அடையாள அட்டைக்கு ஜி.எச். சான்றோடு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிந்தால், தகுதி உள்ள பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. பஸ்ஸுக்குச் சலுகை உண்டு. அறிவுசார் குறைபாட்டுச் சான்று உள்ள பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் ரயிலில் சாதாரண வகுப்புகளில் 75 சதவீதம் கழிவு, மதுரை போகிறவர்கள் இதை விடவே கூடாது. நிராமயா என்று மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற காப்பீடு ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை. வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு, அதற்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கரையில் நான் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசு இருக்காது, ஆனால் அப்பா இருப்பார். டி.இ.ஐ.சி. முதல் பரிசோதனை, பெரா, சான்று, இந்த மூன்றும் காசு கேட்காத வேலைகள், அலைச்சல் மட்டுமே கேட்கிற வேலைகள். தூக்கிக்கொண்டு நடக்க ரெண்டாவது ஆள் இருக்கிற அந்த ரெண்டு மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வட்டார வள மையத்தில் பேர் பதிவதை மே மாதத்துக்கு வைக்காதீர்கள், பள்ளி விடுமுறை, ஆளைப் பிடிக்க முடியாது. ஏப்ரல் முதல் வாரத்திலோ ஜூனில் பள்ளி திறந்த பிறகோ போங்கள். ரெண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கக் கேளுங்கள். "இவன் பேசமாட்டான், நடக்கமாட்டான், எப்படிப் பார்த்துக்கிறது" என்று டீச்சர் தயங்கினால், 2023 நவம்பரில் மத்திய அரசு இப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வதற்கென்றே ஒரு நெறிமுறை வெளியிட்டிருப்பதைச் சொல்லுங்கள். சண்டையாகச் சொல்லாமல், முதல் வாரம் நானும் கூட உட்காருகிறேன் டீச்சர் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அக்கா அப்படித்தான் சேர்த்தாள், அந்தத் தெர்மாகோல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்.